ஐந்தாவது ஆட்டக்காரியைத் தேடி சத்தியமங்கலத்துக்கு

1994 மே மாதக் கடைசி ஞாயிறு. காலை ஆறரைக்குக் காந்திபுரத்தில் சத்தியமங்கலம் பஸ் ஏறினோம். எழுபது கிலோமீட்டர், ஆளுக்கு ஒன்பது ரூபாய். பெண்கள் இருக்கையில் வசந்தா மேடம், பின்னால் நான். கோவையில் ஒரு பெண்கள் கல்லூரியில் இருபது வருடமாகக் கூடைப்பந்துப் பயிற்சியாளராக இருப்பவர் அவர். அந்த மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவதும் வலை கட்டுவதும் என் வேலை. எட்டாவதோடு நின்று ஊர் ஊராகத் திரிந்தவனுக்கு அதுவே பெரிய உத்தியோகம்.

சரவணம்பட்டி தாண்டியதும் இரண்டு பக்கமும் காய்ந்த சோளக்காடுகள். அன்னூரில் டீ குடிக்க வண்டி நின்றபோதுதான் மேடம் விஷயத்தைச் சொன்னார்.

"போன வருசம் ஒம்பது பேர் இருந்தாங்க. அஞ்சு பேருக்குக் கல்யாணம் ஆயிருச்சு. மிச்சம் நாலு. நாலு பேரை வெச்சுச் சீட்டுத்தான் ஆடலாம்."

ஜூனில் அணி சேராவிட்டால் மைதானம் இருக்கும் இடத்தில் வகுப்பறை கட்டப்போவதாக நிர்வாகம் சொல்லிவிட்டதாம்.

"அப்பறம் எனக்கு அங்கென்ன வேலை?" என்றார்.

"எனக்குந்தானுங்க" என்றேன்.

இந்தச் சாலையில் ஓடும் கண்டக்டர்கள் எல்லோரும் மேடத்துக்குப் பழக்கம். மேல் கம்பியில் தலை தட்டுகிற பெண் பஸ்ஸில் ஏறினால், எந்த ஊர், யார் மகள் என்று விசாரித்துச் சொல்வார்கள். அப்படிச் சொல்லப்பட்ட ஒரு பெண்ணைத்தான் பார்க்கப் போனோம். பெயர் மரகதம், ப்ளஸ் டூ முடித்தவள். ஞாயிற்றுக்கிழமை கோவையிலிருந்து வருவார்கள் என்று அவள் வீட்டுக்குக் கண்டக்டர் மூலமே தகவல் போயிருந்தது.

சத்தியமங்கலத்தில் இறங்கியபோது ஒன்பது மணி. வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குள் நுழைவது மேடத்துக்குப் பிடிக்காது. ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினார். மல்லிகை அந்த ஊரில் மலிவு என்பதால் நான்கு முழம் அதையும் வாங்கினார். அங்கிருந்து டவுன் பஸ், பிறகு வாய்க்கால் கரையில் கால் மணி நடை.

வாசல் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. மரகதத்தின் அப்பா வெளுத்த வேட்டியில் எதிர்கொண்டார். அம்மா பட்டுச் சேலை. கொங்கு நாட்டு உபசாரம் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா என்னை நாற்காலியில் உட்காரவைத்து ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி என்ன பண்றாப்பலைங்க?"

"மைதானத்துல கோடு போடறேனுங்க."

அவர் மனைவியைப் பார்த்தார். "காடு தோட்டம் ஏதாச்சும்?"

"ஒண்ணுமில்லைங்க."

"அதனாலென்னங்க, கையுங்காலும் நல்லாத்தான இருக்குது" என்றார்.

எனக்கு எதுவோ உறைத்தது. அதற்குள் மரகதம் காப்பித் தட்டோடு வந்துவிட்டாள். தோளைச் சுருக்கி, முதுகை வளைத்து, யாரையும் பார்க்காமல் நின்றாள்.

"பொண்ணு என்ன ஒசரமுங்க?" என்று கேட்டார் மேடம்.

"அஞ்சரை இருக்குமுங்க, அதுக்கு மேல இல்ல" என்றார் அப்பா அவசரமாக.

மேடத்தின் முகம் வாடியது. அப்போது மரகதம் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "அஞ்சடி பத்துங்க. பள்ளிக்கூடத்துல அளந்தாங்க."

அப்பா தலையைத் தொங்கப்போட்டார். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். மேடமோ, "அஞ்சடி பத்தா!" என்று எழுந்தேவிட்டார். சிரிப்பு அடங்கவில்லை. அந்த அளவைக் கேட்டு அந்த வீட்டில் சிரித்தவர்கள் அதுவரை யாரும் இல்லை போலும். அப்பா நிமிர்ந்து பார்த்தார். "ஏ புள்ள, அந்தப் பலகாரத்தை எடுத்துட்டு வா!" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

மேடத்துக்கு அப்போதுதான் புரிந்தது. நின்றபடியே சொன்னார்: "ஏனுங்க, நாங்க மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க இல்லைங்க. காலேஜுல இருந்து வர்றோம். உங்க பொண்ணைப் பந்து விளையாடக் கேட்டு வந்தோம். படிப்பு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் இலவசம்."

அம்மா பலகாரத் தட்டோடு கதவருகே நின்றுவிட்டார். மரகதம் உள்ளே போய்விட்டாள். அப்பா கேட்டார்: "அப்பப் பூ எதுக்குங்க கொண்டு வந்தீங்க?"

மேடம் உட்கார்ந்துகொண்டார். அப்பாவே தொடர்ந்தார்.

"ரெண்டு எடம் வந்து பாத்துப்போட்டு, ஒசரஞ் சாஸ்தின்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க. பந்து வெளையாடறான்னா அப்பறம் எவன் வருவான்? வேண்டாமுங்க. பலகாரத்தைச் சாப்பிட்டுப் போங்க."

சாப்பிட்டோம். சாப்பிடாமல் கிளம்புவது அதைவிடப் பெரிய அவமானமாகியிருக்கும்.

பஸ் நிறுத்தம் வரை அவரும் வந்தார். தூரத்தில் பஸ் தெரிந்ததும் திடீரென்று, "அங்கெல்லாம் ஒசரமான பசங்க வெளையாட வருவாங்களா?" என்றார்.

மேடம் சொன்னார்: "போட்டிக்குப் போற எடத்துல இருப்பாங்க."

"அப்பச் சேர்த்திக்கோங்க."

பஸ்ஸில் நான் சந்தோஷமாக, "அஞ்சாவது ஆளு கெடைச்சாச்சுங்க" என்றேன். மேடம் சிரிக்கவில்லை.

"அவரு மாப்பிள்ளைக்கு அனுப்பறாரு. நான் அணிக்குக் கூட்டிட்டுப் போறேன். அவளை யாரு கேட்டா?"

அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கினார். பன்னிரண்டு மணி வெயிலில் இரண்டு கிலோமீட்டர் திரும்பி நடந்தோம்.

மரகதம் கிணற்றடியில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். பட்டுப் பாவாடையை மாற்றியிருந்தாள்.

"அம்மணி, உங்கப்பா சரின்னுட்டாரு. உனக்கு இஷ்டமா?"

"விழுந்தா அடி படுமுங்களா?"

"படும். எனக்கு ரெண்டு முட்டியும் போச்சு."

"நான் மாட்டேன்னா?"

"நாங்க பாட்டுக்குப் போயிருவோம்."

அணி என்னாகும், மைதானம் என்னாகும் என்பதையெல்லாம் மேடம் சொல்லவில்லை. சொல்லிவிடுவாரோ என்று நான்தான் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மரகதம் கடைசி டம்ளரையும் கழுவிக் கவிழ்த்தாள்.

"வாரேனுங்க" என்றாள்.

திரும்பும் வழியில் என் ஊர் நினைவு வந்தது. என் அக்காவைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் சம்மதம் என்று சொல்லி அனுப்பிய அன்று, வீட்டில் எல்லோரும் பேசினார்கள், நானும் பேசினேன். அக்கா அடுப்படியில் இருந்தாள். எழுந்து போய் அவளைக் கேட்க அங்கிருந்து பத்தடிகூட இல்லை.