கடைசி அத்தியாயத்தை நான்தான் வெட்டினேன்

என் மகள் ஆறாம் ஆண்டுக்குப் போன வருஷம் கதைப் புத்தகத்தைத் தொடுவதையே விட்டுவிட்டாள். பாடப் புத்தகத்தை வேறு வழியில்லாமல் திறப்பாள், மூடுவாள், அவ்வளவுதான். இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல? கண்டி டவுனில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளைப் புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தயார்ப்படுத்தும் டீச்சர் நான். என் வகுப்பில் இடம் கேட்டு நாவலப்பிட்டியில் இருந்துகூட ஆள் வருவார்கள். அந்த வகுப்பிலேயே முதல் வரிசையில் உட்கார்ந்து படித்த என் சொந்தப் பிள்ளை, பாஸாக வேண்டிய வெட்டுப்புள்ளியைத் தொடவில்லை.

முடிவு வந்த அன்று அழுதாள், சாப்பிட்டாள், தூங்கிவிட்டாள். சரி, அதோடு போயிற்று என்று நினைத்தேன். எங்கே போனது? அதற்குப் பிறகு என்னோடு ஒற்றைச் சொல்லில்தான் பேச்சு. சாப்பிட்டியா என்றால் "ம்." ஹோம்வர்க் இருக்கா என்றால் "முடிஞ்சுது." அப்பாவோடு மட்டும் பழையபடியே. அவர் பேராதனை ஆஸ்பத்திரியில் வேலை முடிந்து பிலிமத்தலாவை வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் வாசலிலேயே பிடித்து வைத்துக்கொண்டு பேசித் தீர்ப்பாள். நான் குசினியில் அடுப்பு முன்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். பொறாமையாக இருக்கும்.

முன்பெல்லாம் நாங்கள் இருவரும் ஒரே கதையை மாறி மாறி வாசித்துவிட்டுச் சண்டை போடுகிற ஆட்கள். ஐந்தாம் ஆண்டு தொடங்கியதும் "பரீட்சை முடியட்டும்" என்று கதைப் புத்தகம் எல்லாவற்றையும் கட்டிப் பரணில் போட்டவள் நான். பரீட்சை முடிந்த பிறகு கட்டை அவிழ்த்துக் கொடுத்தேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதனால், திரும்ப ஒரு கதைக்குள் அவள் விழுந்துவிட்டால் போதும், அதைப் பற்றியாவது என்னோடு பேசுவாள் என்று கணக்குப் போட்டேன். அவள் வாசிக்க வேண்டும் என்பதை விட என்னோடு பேச வேண்டும் என்பதுதான் என் தவிப்பு.

"மர்மக் கதை குடுத்துப் பாரு. பாதியில வைக்க ஏலாது," என்றார் வீட்டுக்காரர்.

சொல்வது சுலபம். பதினொரு வயதுப் பிள்ளைக்குத் தமிழில் ஒரு மர்மக் கதை தேடிப் பாருங்கள், அப்போது தெரியும். டவுனில் பழைய புத்தகம் விற்கும் முஸ்லிம் நானா ஒருவர் இருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் மகளை முந்தின பஸ்ஸில் அனுப்பிவிட்டு அவர் கடையில் போய் நிற்பேன். பெரியவர்களுக்கான மர்ம நாவல் மூட்டை மூட்டையாக இருந்தது. அட்டையில் எல்லாம் அரைகுறை உடுப்போடு ஒரு பெண், பக்கத்தில் ஒரு கத்தி. நான் ஒன்றை எடுத்துப் புரட்டுவதைப் பார்த்துவிட்டு நானா பதறிப்போனார்.

"டீச்சர், டீச்சர், அத வைங்க. அது மகளுக்குச் சரிவராது. உங்களுக்கே சரிவராது."

"சிறுபிள்ளைகளுக்கு என்ன இருக்கு நானா?"

"நீதிக் கதை இரிக்கி. மறுபடியும் நீதிக் கதை இரிக்கி," என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

ஆனாலும் மனுஷர் தேடித் தந்தார். முதலில் கிடைத்த புத்தகம் சூரியன் உதிப்பதற்கே மூன்று பக்கம் எடுத்துக்கொண்டது. மகள் இரண்டாம் பக்கத்தில் கொட்டாவி விட்டாள். அடுத்ததில் துப்பறியும் சிறுமி விடிய எழும்பிப் படிப்பாள், வகுப்பில் முதலாவதாக வருவாள், அம்மா சொல் தட்டமாட்டாள், மிச்ச நேரத்தில் கள்ளனையும் பிடிப்பாள். "இது ஸ்கொலர்ஷிப் புள்ள," என்று மகள் புத்தகத்தை மேசையில் தள்ளிவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. மூன்றாவது புத்தகம் எனக்கே பிடித்திருந்தது. ஒரு நகைக்கடையில் பூட்டிய அறைக்குள் களவு போகும் கதை. குட்டி குட்டி அத்தியாயம், எடுத்த எடுப்பிலேயே களவு. இது தப்பாது என்று நம்பிக் கொடுத்தேன்.

பத்து நிமிஷத்தில் திரும்பக் கொண்டுவந்து வைத்தாள்.

"என்னா, அதுக்குள்ள?"

"கணக்கப்பிள்ளைதான் எடுத்தான். கூரை வழியா."

"எப்பிடித் தெரியும்?"

"கடைசிப் பக்கத்துல இருக்கு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "கடைசிப் பக்கத்த முதல்ல வாசிச்சா அப்புறம் கதை என்னாத்துக்கு? எந்த மடையன் உனக்கு அப்பிடிச் சொல்லிக் குடுத்தான்?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "நீங்கதான். பந்தி வாசிக்க முந்தி அடியில இருக்கிற கேள்வியப் பாரு. அப்புறம் விடை இருக்கிற இடத்த மட்டும் தேடு. முழுசா வாசிச்சு நேரத்த வீணாக்காத. நீங்கதான சொன்னீங்க?"

நான்தான் சொன்னேன். வருஷா வருஷம், கிரகித்தல் பாடம் தொடங்கும் முதல் நாளே கரும்பலகையில் எழுதிப்போட்டுச் சொல்லிக் கொடுப்பேன். அதனால்தான் என் பிள்ளைகள் நேரத்துக்குப் பேப்பரை முடிக்கிறார்கள் என்று எங்கள் பள்ளிக்கூட அதிபரே மெச்சியிருக்கிறார். வாசிப்பது என்றால் விடையை எடுத்துக்கொண்டு வெளியேறுவது என்று வருஷத்துக்கு நாற்பது பிள்ளைகளுக்கு நான் பழக்கிவிட்டிருக்கிறேன்.

அடுத்த முறை நானா தந்தது ஒரு மலையூர்த் தபால் கந்தோர்க் கதை. வரவேண்டிய கடிதங்கள் காணாமல் போகின்றன. போஸ்ட்மாஸ்டர், அவருடைய தங்கை, தபால்காரன், எதிரே தேத்தண்ணிக் கடைக்காரர், இவர்களில் யாரோ ஒருவர் எடுக்கிறார். நான் பஸ்ஸிலேயே பாதியை முடித்துவிட்டேன். பேராதனைச் சந்தி தாண்டியதுகூடத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து மிச்சத்தையும் முடித்துவிட்டுச் சவர பிளேடு ஒன்றை எடுத்தேன். பன்னிரண்டாம் அத்தியாயத்தை அடியோடு சேர்த்து வெட்டி, என் சேலைகளுக்கு அடியில் அலுமாரியில் வைத்தேன். புத்தகத்தில் ஒரு பக்கத்தின் காதை மடிப்பதற்கே பிள்ளைகளின் காதைத் திருகுகிற டீச்சர் செய்த வேலை இது.

மகளிடம் நீட்டும்போதே முந்திக்கொண்டேன். "பழைய புத்தகம்தான புள்ள, கடைசியில கொஞ்சப் பக்கம் இல்ல போல. நானா கடையில அப்பிடித்தான் கெடச்சுது."

அவள் வாங்கியதும் பின்பக்கத்தைத்தான் திறந்தாள். அங்கே பதினோராம் அத்தியாயம் முடிந்ததும் அட்டை. முன்னால் புரட்டிப் பொருளடக்கத்தைப் பார்த்தாள். அதில் பன்னிரண்டு என்று அச்சடித்திருந்தது. அதை நான் யோசிக்கவே இல்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கதிரையில் காலை மடித்து உட்கார்ந்து, முதல் பக்கத்தில் இருந்து தொடங்கினாள்.

மூன்று நாள். சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் புத்தகம். பஸ்ஸில் மடியில் புத்தகம். கண்டக்டர் சில்லறை கேட்டது அவள் காதில் விழவில்லை, நான்தான் கொடுத்தேன். ஒரு தடவை நான் எட்டிப் பார்த்தபோது ஏழாம் அத்தியாயத்தில் இருந்து நாலாம் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போய் ஏதோ தேடிக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! அன்று சோற்றில் உப்பை இரண்டு தரம் போட்டுவிட்டேன். வீட்டுக்காரர் வாயே திறக்காமல் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் நெத்தலி ஆய்ந்துகொண்டிருந்தேன். மகள் புத்தகத்தோடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"போஸ்ட்மாஸ்டர்தான்," என்றாள்.

எத்தனை மாதத்துக்குப் பிறகு அவளாக வந்து ஒரு பேச்சுத் தொடங்குகிறாள்! நெத்தலியைப் போட்டுவிட்டுக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல் இருந்தது. அடக்கிக்கொண்டு, "எப்பிடிச் சொல்ற?" என்றேன்.

"பொலிஸ்காரர் வந்தப்ப அவருகிட்ட யாருமே ஒண்ணும் கேக்கல. அவராவே, நேத்து நான் ஊர்லயே இல்லன்னு சொல்றாரு. கேக்காம எதுக்குச் சொல்லணும்? கேக்க முந்தியே காரணம் சொல்றவங்க பொய்தான் சொல்றாங்க."

"அடி என் தங்கமே!" என்றேன்.

"நீங்களும் அப்பிடித்தான்," என்றாள். "புத்தகத்தத் தரும்போது நான் ஒண்ணுமே கேக்கல. நீங்களாத்தான் பக்கம் இல்லன்னு சொன்னீங்க. தானாக் கிழிஞ்சா பிஞ்சு பிஞ்சு இருக்கும். இது நேரா இருக்கு. நீங்கதான் வெட்டியிருக்கீங்க."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பெருமை தாங்கவில்லை. எழுந்து கையைக் கழுவிக்கொண்டு அந்தப் பக்கங்களை எடுத்துவந்தேன். அவள் சிரிக்கவில்லை.

"பஸ்லயும் அப்பிடித்தான்," என்றாள்.

"எந்த பஸ்ல?"

"ரிசல்ட் வந்த அடுத்த நாள். சங்கீத டீச்சர்கிட்ட."

சங்கீத டீச்சர் எங்கள் பள்ளிக்கூடம்தான். பேராதனையில் ஏறுவார். அன்று அவர் வந்து நின்றதும் "மழை விட்டிருச்சு," என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் அவர் முகத்தைப் பார்த்து, "பரீட்சையன்னைக்கு இவளுக்கு நெருப்பாக் காய்ச்சல் டீச்சர். பாவம், எழும்பவே முடியல. அந்தக் காய்ச்சலோடதான் எழுதினா," என்றேன். மகள் எனக்கும் ஜன்னலுக்கும் நடுவில்தான் உட்கார்ந்திருந்தாள். பிறகு அதையே பள்ளிக்கூடத்தில் மூன்று நாலு பேரிடம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நடந்த மாதிரி ஆகிவிட்டது.

"எனக்குக் காய்ச்சலே இல்ல," என்றாள் மகள். "அன்னைக்கு நான் ரெண்டு இடியாப்பம் கூடக் கேட்டுச் சாப்பிட்டேன். நீங்கதான் வச்சீங்க. ஏம்மா அப்பிடிச் சொன்னீங்க?"

இவள் தோற்றதால்தான் வாடிப்போனாள் என்று ஐந்து மாதமாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரெல்லாம் அலைந்து புத்தகம் தேடினேன். இவள் மனதில் இருந்த கேள்வி இது.

"வெக்கமா இருந்துச்சு," என்றேன்.

"என்னாலயா?"

இல்லடி என்று சொல்ல வாய் வந்தது. எந்தத் தாய்க்கும் வரும். ஆனால் அவள் என் முகத்தை, அந்தப் புத்தகத்தின் பக்கத்தைப் பார்த்த மாதிரியே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் ஒரு பொய் செல்லாது.

"ஆமா," என்றேன். "ஊரார் புள்ளையெல்லாம் பாஸ் பண்ண வைக்கிறா, சொந்தப் புள்ளைக்கு முடியலன்னு சொல்வாங்கன்னு வெக்கமா இருந்துச்சு. அது என் பிழை. உன் பிழை இல்ல. நான் செஞ்சது அநியாயம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. கழுவியும் போகாத நெத்தலி வாசத்தோடு நான் அவள் முகத்தைத் துடைக்கப் போக, "சீ, நாறுது!" என்று தள்ளிவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அந்தப் பக்கத்தத் தாங்க," என்றாள். கொடுத்தேன். அங்கேயே தரையில் உட்கார்ந்து வாசித்தாள். கடிதங்களை எடுத்தது போஸ்ட்மாஸ்டர் இல்லை, அவருடைய தங்கை. அவளைக் காப்பாற்றத்தான் அவர் பொய் சொல்லியிருக்கிறார்.

"சே!" என்றாள் மகள். பக்கங்களை என்னிடம் தராமல் அவளே கொண்டுபோய்ப் புத்தகத்துக்குள் வைத்தாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் சங்கீத டீச்சர் வழக்கம்போலப் பேராதனையில் ஏறி எங்கள் சீட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் யோசித்தால் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"டீச்சர், அன்னைக்கு உங்ககிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன். பரீட்சையன்னைக்கு இவளுக்குக் காய்ச்சல் ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருந்தா."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எந்தப் பரீட்சை?"

"புலமைப்பரிசில்."

"ஐயோ, அதுவா? நீங்க சொன்னது எனக்கு ஞாபகமே இல்லையே."

அவர் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மறந்திருப்பார். அதை ஐந்து மாதமாக என் பிள்ளை சுமந்திருக்கிறாள். "இவ வந்து... கொஞ்சம்... வெட்டுப்புள்ளி..." என்று இழுத்தேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

மகள் ஜன்னல் பக்கம் இருந்து திரும்பினாள்.

"நாலு மார்க்ஸ் பத்தல டீச்சர்," என்றாள், சத்தமாக. பிறகு என் கையில் தட்டினாள். "கொஞ்சம் நகந்து உக்காருங்கம்மா. டீச்சர் நிக்கிறாங்கல்ல."

நான் நகர்ந்தேன்.