ஒன்றரை கிலோவாட் குற்றவாளி

1. மூவாயிரத்து நூறு

ஜனவரி முதல் தேதி காலையில் மீட்டர் ரூமில் காமன் மீட்டரைப் படித்தேன். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தேன். நவம்பரில் ஆயிரத்து எண்ணூறு யூனிட் ஓடிய மீட்டர் டிசம்பரில் மூவாயிரத்து நூறு ஓடியிருந்தது. லிஃப்ட், தண்ணீர் பம்ப், படிக்கட்டு விளக்கு, கிளப் ஹவுஸ், பேஸ்மென்ட், வாட்ச்மேன் ரூம் ஆகியவைதான் அந்த மீட்டரில் வரும். இதில் எதுவும் ஒரே மாதத்தில் குட்டி போட்டிருக்க முடியாது.

என்னைப் பற்றி இரண்டு வரி. பெயர் கோமதி. அப்பா திருநெல்வேலியிலிருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்காக செகந்திராபாத் வந்தவர். நான் ஒரு மத்திய அரசு நிறுவனத்தின் குவார்ட்டர்ஸில் முப்பத்தோரு வருடம் எலக்ட்ரிகல் மெயின்டெனன்ஸ் பார்த்து, சூப்பர்வைசராக ஓய்வு பெற்றேன். நான் வீட்டில் உட்கார்ந்து எல்லோரையும் விளக்கை அணைக்கச் சொல்லிக்கொண்டிருந்தது வீட்டாருக்கு இரண்டு மாதத்துக்கு மேல் தாங்கவில்லை. அதனால் சைனிக்புரியில் நாற்பத்தெட்டு ஃபிளாட் கொண்ட ஒரு அபார்ட்மென்டில் மெயின்டெனன்ஸ் மேனேஜராகச் சேர்ந்தேன்.

அசோசியேஷன் பிரசிடென்ட் வரதராஜன் சார் பொதுத்துறை நிறுவனத்தில் பெரிய பதவியில் இருந்தவர். சும்மா இருக்கத் தெரியாதவர். ‘பசுமை அபார்ட்மென்ட்’ என்ற திட்டம் அவர் மூளையில் உதித்தது. மாதம் பிறந்தால் ஒவ்வொரு ஃபிளாட்டும் எத்தனை யூனிட் செலவழித்தது என்று நான் மீட்டரைப் படித்து லிஃப்ட் பக்கத்து போர்டில் ஒட்ட வேண்டும். குறைவாகச் செலவழித்த ஐந்து வீட்டுக் கதவில் பச்சை நட்சத்திரம். அதிகமாகச் செலவழித்த ஐந்து வீடு சிவப்பு மையில்.

டிசம்பர் முதல் தேதி முதல் பட்டியல் ஒட்டினேன். சிவப்பு மையில் இரண்டாவதாக இருந்தது 502, அதாவது பிரசிடென்ட் வீடு. அன்று ஐந்தாவது மாடியில் நடந்த உரையாடல் நான்காவது மாடிவரை கேட்டதாகச் சொன்னார்கள்.

ஜனவரி பட்டியலில் தலைகீழ் மாற்றம். எல்லா வீட்டிலும் யூனிட் மளமளவென்று இறங்கியிருந்தது. 502-க்கு முதலிடம். வரதராஜன் சார் போர்டு முன்னால் கைகட்டி நின்றார்.

“பார்த்தீங்களா கோமதி? மனசு வெச்சா முடியும். அது மட்டும் இல்லே, விடியற்காலையிலே ஜிம்முக்கு ஆள் வர ஆரம்பிச்சுட்டா. ஒரே கல்லிலே ரெண்டு மாங்காய்!”

“சார், காமன் மீட்டர் ஆயிரத்து முந்நூறு யூனிட் ஏறியிருக்கு” என்றேன்.

“ஏதோ லீக்கேஜ். கண்டுபிடிச்சு ரிப்போர்ட் குடுங்கோ” என்று சொல்லிவிட்டு, நட்சத்திரம் ஒட்ட மேலே போனார். ஒட்டும்போது அது கோணலாக இருப்பதாக என்னைக் கூப்பிட்டு இரண்டு முறை மாற்றி ஒட்டச் சொன்னார்.

2. நான் எழுதிய வரி

இனி சொல்லப்போவது எனக்குப் பெருமை தராத பகுதி.

அன்றே கட்டிடத்தை ஒரு சுற்று வந்தேன். பம்ப் சரியாக இருந்தது. லிஃப்ட் சரியாக இருந்தது. வாட்ச்மேன் யாதய்யாவின் ரூமில், பிளாஸ்டிக் பக்கெட்டில் ஒரு ஹீட்டர் ராட் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் மனைவி சாயம்மா, பள்ளிக்குப் போகும் இரண்டு பெண் பிள்ளைகள் எல்லோரும் அந்த ஒரே ரூமில்தான். டிசம்பர் குளிரில் பிள்ளைகள் குளிக்க வெந்நீர் போட்டிருக்கிறார்கள்.

நான் ரிஜிஸ்டரில் எழுதினேன்: “வாட்ச்மேன் ரூமில் அனுமதியில்லாத ஹீட்டர் ராட், 1500 வாட். அகற்றப்பட்டது.” கையெழுத்தும் போட்டேன். அப்போது எனக்கு வேலை முடிந்த திருப்திதான் இருந்தது.

அசோசியேஷன் கமிட்டிக்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. நாற்பத்தெட்டு குடும்பம் வியர்வை சிந்தி மிச்சம் பிடித்ததை வாட்ச்மேன் குடும்பம் குளித்தே தீர்த்துவிட்டது என்று பேசினார்கள். மாதக் கடைசிக்குள் யாதய்யா வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முடிவானது. யாதய்யா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. தலையை ஆட்டிவிட்டு கேட்டுக்குப் போய்விட்டார்.

நான்கு நாள் கழித்து சாயம்மா என்னிடம் ஒரு தாளை நீட்டினாள். பிள்ளைகளுக்கு டி.சி. கேட்டு பள்ளிக்கு எழுத வேண்டிய விண்ணப்பம்.

“பெரியவ டென்த் மேடம். இன்னும் ரெண்டு மாசத்துல பரீட்சை. நடுவுல எந்த ஸ்கூல்ல சேர்ப்பாங்க?” என்று தெலுங்கில் கேட்டாள். “நீங்களே நல்ல இங்கிலீஷ்ல எழுதிக் குடுங்க.”

பேனாவைத் திறந்தேன். எழுத வரவில்லை. அப்போதுதான் என் மண்டையில் ஒரு கணக்கு ஓடியது. ஒன்றரை கிலோவாட் ராட், தினம் ஒரு மணி நேரம், முப்பது நாள். நாற்பத்தைந்து யூனிட்! ஏறியிருப்பது ஆயிரத்து முந்நூறு. ஏழாம் வகுப்புப் பிள்ளை போடுகிற கணக்கை, முப்பத்தோரு வருட சர்வீஸ் போட்ட நான் போடவில்லை. ஆயிரத்து முந்நூறு யூனிட்டுக்கு வெந்நீர் போட வேண்டும் என்றால் அந்தக் குடும்பம் கிட்டத்தட்ட இருபத்தொன்பது மணி நேரத்தை ஒரு நாளில் அடைத்துக் குளித்திருக்க வேண்டும். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது.

“ரெண்டு நாள் பொறு சாயம்மா” என்று சொல்லி தாளை வாங்கி வைத்துக்கொண்டேன்.

3. வியர்க்காமலே குளிக்கும் விளையாட்டு வீரர்கள்

டாங் டெஸ்டர் என்று ஒரு கருவி. இடுக்கி மாதிரி வாயைத் திறந்து ஒயரைக் கவ்வும். எத்தனை ஆம்ப்ஸ் ஓடுகிறது என்று சொல்லும். அதை எடுத்துக்கொண்டு பேனல் போர்டு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். பம்ப், லிஃப்ட், படிக்கட்டு என்று ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கரண்ட் கொண்டுபோகும் ஃபீடர் ஒயரைக் கவ்வி, நேரம் போட்டுக் குறித்தேன். நான்கு நாள் ஆனது.

கிளப் ஹவுஸ் ஃபீடர் பகலெல்லாம் மூன்று, நான்கு ஆம்ப்ஸில் சாதுவாக இருந்தது. விடியற்காலை ஐந்தரைக்கு எகிற ஆரம்பித்து நாற்பதைத் தொட்டு, ஒன்பது மணிக்கு மறுபடியும் சாதுவானது. நான்கு நாளும் அப்படியே. ஜிம்மில் இருப்பது இரண்டு ட்ரெட்மில். அதில் ஒன்று போன வருடமே செத்துப்போனது.

சனிக்கிழமை காலை ஆறேகாலுக்கு கிளப் ஹவுஸ் கதவைத் தள்ளினேன்.

முதலில் கண்ணில் பட்டது வரிசை. தோளில் துண்டு, கையில் சோப்பு டப்பாவோடு பதினான்கு பேர் ஜிம் பாத்ரூம்களுக்கு முன்னால் நின்றிருந்தார்கள். உள்ளே நான்கு கீசரும் எரிந்துகொண்டிருந்தன. டேபிள் டென்னிஸ் மேஜையில் நெட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர் சட்டை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தார்கள். யோகா ஹாலில் மூன்று வெட் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் யோகா பாயில் உட்கார்ந்து, மாவைத் தள்ளிவிட்டபடி பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் வைதேகி மாமி. 502. பிரசிடென்டின் மனைவி.

“ஆன்ட்டி, லைன் மே ஆயியே” என்று வரிசையில் வரச் சொன்னாள் துண்டோடு நின்ற ஒரு கல்லூரிப் பெண். நானும் குளிக்க வந்திருப்பதாக நினைத்துக்கொண்டாள்.

நான் கீசர் சுவிட்சை நோக்கிப் போனதும் வரிசையில் சலசலப்பு. அதைக் கேட்டு பாத்ரூமுக்குள்ளிருந்து ஒரு குரல் அலறியது. “மேடம், பந்த் நக்கோ கரோ! அணைக்காதீங்க, சோப்பு போட்டிருக்கேன்!” அது மூன்றாவது மாடி மேஜர் சாப். எல்லைக் குளிரில் காவல் காத்தவர்.

மாமி பேப்பரை மடித்தார்.

“கோமதி, நான் என்ன பண்ணட்டும் சொல்லு. போர்டுல செவப்பு மையில பேர் வந்த அன்னிக்கு இவர் ஆடின ஆட்டம் இருக்கே! கிரைண்டர் சத்தம் கேட்டாலே மீட்டரைப் பார்க்க ஓடறார். இட்லி வேணும், கிரைண்டர் ஓடப்படாதுன்னா மாவு மரத்திலேயா காய்க்கும்?”

“மாமி, கிரைண்டர் ஒன்றரை மணி நேரம் ஓடினாலும் கால் யூனிட்கூட ஆகாது. ரெண்டு கிலோவாட் கீசரைக் கால் மணி நேரம் போட்டாலே அரை யூனிட்.”

“அப்படியா? அது சத்தமே போடறதில்லையே!”

இதுதான் நம் வீடுகளின் மின்சார சாஸ்திரம். சத்தம் போடுவதெல்லாம் கரண்ட் தின்னும். சும்மா இருப்பது சமர்த்து. அந்த நம்பிக்கையில் மாமி பதினைந்து கிலோ கிரைண்டரை வாரா வாரம் ஐந்து மாடி இறக்கியிருக்கிறார். அங்கிருந்து பேஸ்மென்டுக்குப் போய்த் தேடினேன். தூணுக்குத் தூண் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதில் ஆறு மின்சார ஸ்கூட்டர். ஆயிரத்து முந்நூறுக்கும் கணக்கு கிடைத்துவிட்டது.

திரும்பி வந்து, “இதுக்காக யாதய்யாவை அனுப்பறாங்க மாமி. பெரிய பொண்ணு டென்த்” என்றேன்.

அயர்ன் பண்ணிக்கொண்டிருந்த ஒருவருக்குச் சட்டை கருகியது.

“அவர்கிட்டே என் பேரைச் சொல்லிடாதேடி” என்றார் மாமி, மெல்ல.

4. ஏழு நாள் சோதனை

யார் பேரையும் சொல்லாமல் யாதய்யாவை எப்படிக் காப்பாற்றுவது? ஒரு நோட்டீஸ் ஒட்டினேன். “எர்த் லீக்கேஜ் சோதனைக்காக கிளப் ஹவுஸ், பேஸ்மென்ட் பிளக் பாயின்ட்களுக்கு ஏழு நாள் சப்ளை இராது.” அதில் எர்த்தும் இல்லை, லீக்கேஜும் இல்லை. பொய்தான். யாதய்யாவைப் பற்றி எழுதிய வரியைவிட இது சின்னப் பொய் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஏழு நாளில் கட்டிடத்தின் ஆரோக்கியம் அடியோடு படுத்துவிட்டது. ஜிம்முக்கு ஒருவர்கூட வரவில்லை. எட்டாவது நாள் அந்த வாரத்துக்கு மட்டும் தனிப் பட்டியல் ஒட்டினேன். காமன் மீட்டர் பழைய அளவுக்கு இறங்கியிருந்தது. வீட்டு மீட்டர்கள் ஏறியிருந்தன. முதலிடத்தில் இருந்த 502 முப்பத்தெட்டாவது இடம்.

பத்து நிமிடத்தில் வரதராஜன் சார் இறங்கி வந்தார். லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

“என் மீட்டர் ஃபால்ட்டி! இப்பவே, எல்லார் முன்னாடியும் டெஸ்ட் பண்ணுங்கோ!”

“வேண்டாம் சார், அப்புறமா...”

“இப்பவே!”

பால் வாங்க வந்தவர்கள், வாக்கிங் போனவர்கள் எல்லோரும் மீட்டர் ரூம் வாசலில் கூடிவிட்டார்கள். மாமிக்கு அவரே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். வீட்டில் மெயினை அணைக்கச் சொன்னேன். மீட்டர் நின்றது. இனி ஒவ்வொன்றாகப் போடச் சொன்னேன்.

“கிரைண்டர் போட்டாச்சு” என்றார் மாமி. கருவியில் புள்ளி ஏழு ஆம்ப்ஸ்.

“கீசர் போட்டாச்சு.” எட்டரை தாண்டியது.

“மீட்டர் கரெக்டா இருக்கு சார்” என்றேன்.

“அப்போ போன மாசம் இந்தக் கீசரெல்லாம் எங்கே போச்சு?”

நான் வாயைத் திறக்கவில்லை. போனிலிருந்து மாமியின் குரல் தெளிவாக வந்தது.

“கிளப் ஹவுஸுக்குப் போச்சு. நானும் போனேன், நீங்களும்தான் போனேள். ஜிம்மிலே குளிச்சா உடம்புக்கு நல்லதுன்னு தினம் உங்களை அனுப்பினது யாரு? அந்த யாதய்யா பாவம் நமக்கு வேண்டாம். முதல்ல அந்த முடிவை மாத்துங்கோ.”

கூட்டத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. மேஜர் சாப் மட்டும் பலமாக இருமினார். வரதராஜன் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார். மனிதர் வீம்புக்காரர்தான், ஆனால் நேர்மையானவர். அங்கேயே பேனா கேட்டு கமிட்டி மினிட்ஸில் முடிவை ரத்து செய்தார்.

“காரணம்னு என்ன எழுதறது கோமதி?”

“என் ரிப்போர்ட் தப்புன்னு எழுதுங்க சார்.”

ரிஜிஸ்டரை எடுத்து வந்து, என் கையால் எழுதிய வரியை நானே அடித்தேன். பக்கத்தில் ‘45 யூனிட் மட்டும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்றோடு வீட்டுப் பட்டியலும் போனது. இப்போது போர்டில் ஒரே ஒரு எண்தான், கட்டிடம் முழுவதற்கும். அதுவும் மெல்லத்தான் இறங்குகிறது. ஆனால் இறங்குவது நிஜமாகவே இறங்குகிறது. கீசரை முதல் நாள் ராத்திரியே போட்டு வைக்கும் பழக்கம் பாதி வீட்டில் நின்றிருக்கிறது. மாமி கிரைண்டரைத் தைரியமாக வீட்டிலேயே ஓட்டுகிறார்.

5. கேட்

யாதய்யாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். கேட் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நானும் நின்றுகொண்டே சொன்னேன். நான்கு நாள் பேனல் போர்டு முன்னால் உட்கார்ந்து அளந்ததையும், கிளப் ஹவுஸில் கண்டதையும், என் கணக்குப் பிழையையும் சொல்லி முடித்தேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார்.

“அஞ்சு மணிக்கு கிளப் ஹவுஸ் பூட்டைத் திறக்கறது நான்தானே மேடம்” என்றார் தெலுங்கில். “சனிக்கிழமை கிரைண்டரை எல்லாம் லிஃப்ட்ல இருந்து தூக்கி வெக்கறதும் நான்தான். யார் எந்த பிளக்ல எதைச் சொருகறாங்கன்னு எனக்குத் தெரியும்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஐயோ யாதய்யா! முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

அவர் சிரித்தார். கோபமில்லாத சிரிப்பு. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

“நன்னெவரு அடிகாரு, மேடம்?”

என்னை யார் கேட்டார்கள் என்று அர்த்தம். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் டாங் டெஸ்டர் வாங்குங்கள், நல்லதுதான். அதைக் கையில் எடுக்கும் முன் கேட்டில் இருப்பவரிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.