பேத்தியின் பெஞ்சில் ஐந்து நாள்

2025 ஜூன் 27, வெள்ளிக்கிழமை, காலை 5.40. வெளியே சாரல். என் பேத்தி அபிநயா விளக்கடியில் நின்று கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். ஏழு சிவப்புக் கொப்புளங்கள். நான்தான் எண்ணினேன். மாலைக்குள் எண்ண முடியாமல் போயிற்று. அம்மை.

அய்யாவை வணங்கும் அன்புக்கொடி மக்களே, எனக்கு வயது எழுபத்து நான்கு. பி.யு.சி. படித்தவன். அஞ்சுகிராமம் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். மகன் மஸ்கட்டில். வீட்டில் நானும் மருமகளும் அபிநயாவும்தான். அவளுக்கு நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம் கிடைத்தது மூன்றாவது பட்டியலில். அதுவும் கடைசிப் பெயராக. திங்கட்கிழமை வகுப்பு தொடக்கம். தமிழில் படித்து வந்த பிள்ளைகளுக்கு முதல் வாரம், ஆங்கிலப் பாடத்துக்குப் பழக்கும் பிரிட்ஜ் கோர்ஸ். நோட்டுக்கெல்லாம் அட்டை போட்டு, பஸ் நேரங்களைச் சுவரில் எழுதி ஒட்டி, எல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

முதல் மூன்று நாளில் நேரில் வராதவர்களின் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்பது விதி. கல்லூரி அலுவலகத்துக்குப் போன் செய்தேன். பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். விதி விதிதான் என்றார்.

காய்ச்சலோடு கிடந்தவள் கேட்டாள்: "சீட்டு போச்சு, இல்லியா பாட்டா?"

பூட்டிய கதவையே மறுபடி போய் இழுத்துப் பார்க்கிறவன் நான். என் நிலைமையை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். இந்த வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் பெண் இவள். ஒரு வருடம் போனால் பிறகு கல்யாணப் பேச்சு வரும். அது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

அம்மை வந்த வீட்டிலிருந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை யாரும் நாலு பேர் கூடும் இடத்துக்குப் போவதில்லை. அது எங்கள் ஊர் வழக்கம். ஆகவே எங்கள் வழிபாட்டு இடமான நிழல்தாங்கலுக்கும் போக முடியவில்லை. ஞாயிறு மதியம் அங்கே உச்சிப்படிப்பு என்னும் நடுப்பகல் வழிபாடு நடக்கும் நேரம், வீட்டுப் பின்புறம் தலைப்பாகை கட்டி, திருநாமம் இட்டு, தாங்கல் இருக்கும் திசை பார்த்து நின்றேன். படிக்க வாய் எழவில்லை. அழுகைதான் வந்தது. "அய்யா, நான் எல்லாக் கணக்கும் போட்டுப் பாத்துட்டேன். வழி வரல்ல. இனி நீரே பாரும்" என்றேன். அவ்வளவுதான் என் வேண்டுதல்.

மறுநாள் டாக்டரின் சான்றிதழோடு கிளம்பினேன். எனக்குச் சிறுவயதிலேயே அம்மை வந்து போனதால் என்னால் யாருக்கும் பரவாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்படியும் வாசலில் தயங்கினேன். மருமகள்தான், "போங்க மாமா. ஊரு பேசினா நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

அலுவலகத்தில் அதே பதில். வெளியே வந்து வராந்தாவில் நின்றேன். அந்த வழியாக வந்த கணிதத் துறைத் தலைவி, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். விவரம் சொன்னேன். அடுத்து என் வாயிலிருந்து வந்த சொற்கள் நான் யோசித்து வைத்தவை அல்ல.

"பிள்ளை வரது வரைக்கும் அவளுக்குப் பதிலா நான் வகுப்புல இருக்கேன், டீச்சர்."

அவர் சிரிக்கவில்லை. "நீங்க இருந்தா அவளுக்கு எப்படிப் புரியும்?" என்றார்.

"எனக்குப் புரியாண்டாம். ஒரு எழுத்து விடாம எழுதிட்டுப் போறேன். அவளுக்குப் புரியும்."

முதல்வரின் அறைக்குள் போனார். பத்து நிமிடம் கழித்து வந்து, இடத்தை நிறுத்தி வைத்தாயிற்று, வகுப்புக்குப் போங்கள் என்றார். அந்தப் பத்து நிமிடமும் நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அய்யாவைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஐந்து நாள் முதல் பெஞ்சில் இருந்தேன். அபிநயா என்று கூப்பிட்டால் தலைப்பாகையோடு நான் எழுந்து நின்றேன். வகுப்பே சிரித்தது. இரண்டாம் நாள் ஒரு பையன், "பாட்டா, நேத்து ஹோம்வொர்க் போட்டியளா? கொஞ்சம் காட்டுங்க, பாத்து எழுதிக்கிடுதேன்" என்றான்.

வெளியே போய் வந்தவன் அம்மை கிடக்கும் அறைக்குள் நுழையக் கூடாதென்று, மாலையில் ஜன்னலுக்கு வெளியே நின்று நோட்டைக் காட்டுவேன். "பாட்டா, என்னது, மூணைத் திருப்பிப் போட்டிருக்கிய?" என்றாள் ஒருநாள். போர்டில் அப்படித்தான் இருந்தது என்றேன். "அது எப்சிலான்" என்று சொல்லிச் சிரித்தாள். காய்ச்சல் தொடங்கியபின் அவள் சிரித்தது அன்றுதான்.

அடுத்த திங்களும் செவ்வாயும் தேர்வுக்குப் படிக்க விடுமுறை. ஜூலை 9, புதன்கிழமை. தண்ணீர் ஊற்றி, உடல் தகுதிச் சான்றிதழோடு போனாள். "அந்தப் பாட்டாக்க பேத்தியா நீ?" என்று கேட்டு முதல் பெஞ்சில் இடம் விட்டார்களாம். அன்றே பிரிட்ஜ் கோர்ஸ் தேர்வு. ஐம்பதுக்கு நாற்பத்து மூன்று. வகுப்பில் மூன்றாவது இடம். கடைசிப் பெயராக உள்ளே போன பிள்ளை.

கவலை என்னை முழுதாக விட்டுவிட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் இப்போது கதவைப் பூட்டினால் பூட்டியதுதான். உச்சிப்படிப்புக்குத் தினமும் போகிறேன். பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பத் தவிக்கிறவர்களே, உங்களால் ஆனதையெல்லாம் செய்யுங்கள். அதற்கு மேல் உள்ளதை அய்யாவிடம் விட்டுவிட்டு வாசற்படி இறங்குங்கள். பேச வேண்டிய சொல்லை அவர் தருவார். எனக்குத் தந்தார்.

பஸ்ஸுக்கு 190, நோட்டு 45, பேனா 10, கடைசி நாள் வகுப்புப் பிள்ளைகளுக்கு மிட்டாய் 120, தாங்கலில் அய்யாவுக்கு வைத்த வெற்றிலை பாக்குச் சுருளுக்கு 85. ஆக எனக்கு ஆன செலவு 450 ரூபாய்.