சிவபாதம் அண்ணை பூட்டி வைத்த உப்பு

போன கிழமை சிவபாதம் அண்ணை உப்புப் போத்தலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

உப்பு மட்டுமா? மோர்மிளகாய், ஊறுகாய், கருவாடு... எல்லாம் உள்ளே. திறப்பை அரைஞாணில் கட்டிக்கொண்டு சனிக்கிழமை சமையல் வகுப்புக்கு வந்தார். "இனி அவளாலை ஒண்டும் எடுக்க ஏலாது" என்றார், மனைவியைப் பற்றி. நகையைப் பூட்டி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உப்பைப் பூட்டிய மனுசனை இப்போதுதான் பார்க்கிறேன்!

'சமையல் வகுப்பா? உங்களுக்கா?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஓம், எனக்குத்தான். மகளின் பிள்ளைப்பேறு பார்க்க மனைவி கனடாவுக்குப் போய் ஆறு மாதம். "மூண்டு மாசத்திலை வந்திடுவன்" என்றுதான் போனாள். முதல் மாதம் நூடில்ஸ். இரண்டாம் மாதம் பாணும் சம்பலும் — சம்பல் பக்கத்து வீட்டு உபயம். மூன்றாம் மாதம் வயிறு ஸ்ட்ரைக் பண்ணிவிட்டது.

அப்போதுதான் எங்கள் புங்குடுதீவின் இறுப்பிட்டியில் வசந்தியின் பலசரக்குக் கடை வாசலில் அந்த மட்டையைக் கண்டேன். 'சனி பின்னேரம் சமையல் வகுப்பு. ஆண்களும் வரலாம்.' கட்டணம் ஒரு றாத்தல் பாணின் விலை. சமைத்ததை வீட்டுக்கும் கொண்டுபோகலாம். இதைவிட என்ன வேண்டும்?

வசந்தி கிளிநொச்சியில் இருந்து புங்குடுதீவுக்குக் கலியாணம் முடித்து வந்தவர். கடைக்கு வரும் ஆம்பிளைகள் பருப்பை வாங்கிக்கொண்டு, "பிள்ளை, இதை எவ்வளவு நேரம் அவிக்கிறது?" என்று கேட்டுக் கேட்டு அவரை வியாபாரம் செய்யவே விடவில்லையாம். பொறுத்துப் பார்த்துவிட்டு வகுப்பே தொடங்கிவிட்டார். கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில், ஒரு காஸ் அடுப்பு, ஐந்து பிளாஸ்டிக் கதிரைகள். கதிரைக்கு ஒரு நரைத்த தலை.

சிவபாதம் அண்ணை மாத்தறையில் முப்பது வருசம் கடை வைத்திருந்தவர். மிளகாய்த்தூளைக்கூடக் கரண்டியில் மட்டம் தட்டித்தான் போடுவார். முதல் வகுப்பிலேயே உண்மையை ஒத்துக்கொண்டார். "கலியாணம் முடிச்ச நாப்பத்தாறு வருசத்திலை சமையலைப் பற்றி நான் சொன்னது ஒரேயொரு வசனம். உப்புக் காணாது!"

நாங்கள் கைதட்டிச் சிரித்தோம். உப்புப் பத்தாதென்று குறை சொல்லும் அந்த வசனம் எங்கள் எல்லாருடையதும்தானே!

ஆனால் அவர் வகுப்புக்கு வந்தது என்னைப் போல் வயிற்றுக்காக அல்ல. தை மாதம் அவரின் மனைவி பூமணி அக்காவுக்குப் பிறசர் ஏறி, வலது கை விழுந்துவிட்டது. பிள்ளைகள் இரண்டு பேரும் பிரான்சில். "உப்பைக் குறையுங்கோ. இன்னொருக்கா வந்தா தாங்காது" என்று கிளினிக்கில் டொக்டர் சொல்லிவிட்டார். அந்த 'இன்னொருக்கா'தான் அண்ணையை எழுபத்தொரு வயதில் குசினிக்குள் தள்ளியது.

"நீர் குசினிப் பக்கமே வரப்படாது. பேசாமல் கதிரையிலை இரும்" என்று அக்காவுக்குக் கட்டளை. சோற்றுக்கு உப்பில்லை, கறிக்கும் இல்லை. இப்படியே நாலு மாதம். பிறசர் இறங்கியதா? எங்கே... போன செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் பார்த்தால், முன்னையை விடக் கூடி நிற்கிறது!

வீட்டுக்கு வந்த அண்ணை தலையணைக்குக் கீழே தேடினார். அரிசி வாளிக்குள் கையை விட்டுத் துழாவினார். "உண்மையைச் சொல்லு. எங்கை ஒளிச்சு வைச்சு ஊறுகாய் தின்னுறாய்?" என்று கத்தினார். இவ்வளவு காலமும் 'நீர்' என்று அழைத்த மனுசன்!

அக்கா ஒரு கேள்விதான் கேட்டாராம். "நான் என்ன, கள்ளியோ?"

அதோடு பேச்சு நின்றது. அன்றைக்குத்தான் அந்த அலுமாரிப் பூட்டும். நாலு நாளாக அக்கா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைக்கிறார். "என்ரை முகத்தைப் பாக்கிறாளில்லை, தம்பி" என்றார் அண்ணை. திறப்புக் கட்டிய வீறாப்பெல்லாம் அந்த ஒரு வசனத்தில் போய்விட்டது. பயந்து போயிருந்தார். அவ்வளவு பெரிய வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அதில் ஒருவர் பேசாவிட்டால்?

அந்தச் சனிக்கிழமை வகுப்பில் வீட்டுவேலை காட்டும் நாள். வீட்டில் சோறும் பருப்பும் வைத்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தார் வசந்தி. என்னுடைய பருப்பைப் பற்றி இங்கே பேச வேண்டாம். அண்ணை தன் சாப்பாட்டுக் கரியரைத் திறந்தார். "இது அவளுக்கு வைச்சது. ஒரு கல்லு உப்பும் போடேல்லை. சப்பெண்டு கிடக்கும், குறை நினையாதேங்கோ."

நான் ஒரு வாய் வைத்தேன். நல்லாயிருந்தது. "அண்ணை, உப்பெல்லாம் அளவாய்க் கிடக்கு!" என்று பாராட்டியும் விட்டேன்.

போடாத உப்பு எப்படி அளவாக இருக்கும்? அது என் மரமண்டையில் ஏறவேயில்லை.

வசந்தி ஒரு வாய் வைத்தார். முகம் சுளித்தது. "அண்ணை, உப்புப் போட்டனீங்கள்தானே?"

"நயினாதீவு அம்மாளாணை, போடேல்லை!"

"அப்ப எந்தத் தண்ணியிலை சமைச்சனீங்கள்?"

"எங்கடை கிணத்துத் தண்ணியிலைதான். கானிலை வாங்கிற தண்ணி குடிக்கிறதுக்கு. சோறு அவிக்கிறதுக்கு என்னத்துக்கு நல்ல தண்ணி?"

எல்லாரும் கரியருக்குள் எட்டிப் பார்த்தோம்.

எங்கள் தீவுக் கிணறுகள் உவர் என்று எங்களுக்குத் தெரியாதா? சவர்க்காரம் நுரைக்காத தண்ணீர். மாசியில் இருந்து வைகாசிக்குள் வெயில் ஏற ஏற உவரும் ஏறும் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஆனால் பிறந்த நாள் தொடக்கம் அதில் வெந்த சோற்றைத் தின்ற நாக்குக்கு உவர்தான் ருசி. வகுப்பில் வசந்தி கடையில் விற்கும் வடிகட்டிய தண்ணீரில் சமைத்ததையும் நாங்கள் ஒருநாள் கவனிக்கவில்லை. கிளிநொச்சிக் குளத்துத் தண்ணீரில் வளர்ந்த நாக்கு வந்துதான் எங்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

"தண்ணி மட்டுந்தான் காரணமோ எண்டு எனக்குத் தெரியாது. டொக்டரிட்டைச் சொல்லுங்கோ" என்றார் வசந்தி. "ஆனா அக்காவுக்கு இனி இதிலை சமைக்காதேங்கோ."

அண்ணை தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, அவளைக் கள்ளி ஆக்கிப்போட்டனே..." இரண்டு கான் தண்ணீரைச் சைக்கிளில் கட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, நீரும் ஒருக்கா வாரும். தனியப் போகப் பயமாய்க் கிடக்கு."

சொந்த வீட்டுக்குப் போக!

பூமணி அக்கா விறாந்தையில் இருந்தார். எங்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணை கானை இறக்கி வைத்தார். அரைஞாணில் இருந்து திறப்பை அவிழ்க்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவிழ்த்ததை அக்காவின் இடக்கைக்குள் வைத்தார்.

"நீர் ஒண்டும் ஒளிச்சுத் தின்னேல்லை. எங்கடை கிணத்துத் தண்ணிதான் உப்பு. நான்தான் விசரன்."

அக்கா திரும்பினார். "கிணத்துத் தண்ணியிலையோ இவ்வளவு நாளும் சமைச்சனீங்கள்? சோத்துக்கு நான் நல்ல தண்ணிதானே எடுக்கிறனான்."

"ஓம்."

"நான் நினைச்சன், ருசி பத்தாதெண்டு நீங்கள் எனக்குத் தெரியாமல் உப்புப் போடுறீங்களெண்டு."

அண்ணை திகைத்துப் போனார். "உப்புக் கூடவெண்டு தெரிஞ்சதோ? அப்ப ஏனப்பா ஒருநாளும் சொல்லேல்லை?"

"கையைச் சுட்டுச் சுட்டுச் சமைச்சுத் தாற மனுசனிட்டை எப்பிடிக் குறை சொல்லுறது?"

அண்ணை அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். நாற்பத்தாறு வருசமாக 'உப்புக் காணாது' என்று அந்த வீட்டில் சொன்னவர் அவர். உப்புக் கூடிப்போன சோற்றை நாலு மாதம் வாய் திறக்காமல் விழுங்கியவர் அக்கா. அந்த இடத்தில் எனக்கு வேலை இல்லை. மெல்ல இறங்கி வந்துவிட்டேன்.

அடுத்த கிளினிக்கில் என்ன சொல்லப் போகிறார்களோ தெரியாது. இறங்க வேண்டும் என்று நானும் அம்மாளை வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் கனடாவுக்குக் கோல் எடுத்தேன். "என்னப்பா, இந்த நேரத்திலை? சுகமில்லையோ?" என்று பதறினாள் மனைவி. "சும்மாதான் எடுத்தனான்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மன்னிப்புக் கேட்கப் பழக்க வசந்தி இன்னும் வகுப்புத் தொடங்கவில்லையே!