அவர் அழித்த பதிவு

ஊரே வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் சொல்லிக்கொண்டிருக்க, நான் மட்டும் இன்னும் ஃபீட் ரீடரைக் கட்டிக்கொண்டு அழுகிறேன் என்று வீட்டில் கிண்டல். எனக்கு அது சௌகரியம். செய்தித்தளம், வலைப்பதிவு எதையும் தேடிப் போக வேண்டாம். யார் புதிதாக எழுதினாலும் அந்த ஆப்பில் தானாக வந்து விழும். படித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். நான் படித்தது எழுதியவருக்குத் தெரியவே தெரியாது. அந்த வசதிதான் என் புத்தியைக் கெடுத்தது.

சேலையூரில் என்னோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்த கணக்கு டீச்சர் ஒரு வலைப்பதிவு வைத்திருந்தார். அம்மாவுக்கு மறதி நோய் வந்ததும் வேலையை விட்டவர். மாடித்தோட்டம், ரசப்பொடி, காலனியில் தண்ணீர் லாரிச் சண்டை என்று எழுதுவார். ஒன்று விடாமல் படித்தேன். ஒரு வரி பின்னூட்டம் போட்டதில்லை, ஒரு போன் பண்ணியதில்லை. படித்தாலே அவரோடு பேசிவிட்ட மாதிரி ஒரு திருப்தி எனக்கு.

ஒரு சனிக்கிழமை மதியம் வேறு மாதிரி ஒரு பதிவு வந்தது. 'குளிக்கும்போதுகூடக் கதவைச் சாத்துவதில்லை. அம்மா வெளியே போய்விடுவாரோ என்று பயம். பக்கத்தில் இருக்கும் நண்பர்கள் யாராவது ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்ச நேரம் அம்மாவோடு வந்து உட்கார முடியுமா?'

அவர் வீடு எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம், கேம்ப் ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான். பதில் போடலாம் என்று அவருடைய தளத்துக்குப் போனால் பதிவைக் காணோம். கூச்சப்பட்டு எடுத்துவிட்டார் போலிருக்கிறது. அவர் எடுப்பதற்குள் ரீடர் முந்திக்கொண்டு ஒரு பிரதி வாங்கி வைத்ததால் என்னிடம் மட்டும் நின்றுவிட்டது. அவரே எடுத்துவிட்டார், நாம் போய் நின்றால் சங்கடப்படுவார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அப்பாடா என்றிருந்தது. ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. பிறகு செம்பருத்திச் செடி பற்றி ஒரு பதிவு வந்தது. வெட்கமில்லாமல் அதையும் படித்தேன்.

போன மாதம் டீச்சரின் அம்மா தவறிவிட்டார். துக்கம் கேட்கப் போனேன். டீச்சர் பாதியாக இளைத்திருந்தார். "இன்னும் நல்லா பாத்திருக்கலாம் மிஸ்" என்று அழுதார். ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று வாயைத் திறந்தேன்.

"இதுக்கு மேல யாரால பாக்க முடியும் மிஸ்? குளிக்கிறப்பகூட கதவைச் சாத்தாம இருந்தீங்களே."

அவர் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அதை நான் யார்கிட்டயும் சொல்லலையே. ஒரே ஒரு தடவை பிளாக்ல போட்டுட்டு உடனே டெலிட் பண்ணிட்டேன்."

பொய் சொல்ல நாக்கு புரளவில்லை. "படிச்சேன் மிஸ்" என்றேன்.

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். குரலை உயர்த்தவே இல்லை.

"யாரும் பாக்கறதுக்குள்ள எடுத்துட்டோம்னு நினைச்சுத்தான் மிஸ், யார் மேலயும் எனக்கு வருத்தமில்லாம இருந்துச்சு."