ஒரே எண்ணில் இரண்டு பெயர்

ஈரோட்டில் பிறந்து, கோயம்புத்தூரில் படித்து, அமெரிக்காவில் எடிசனுக்கு வந்து மூன்று வருஷமாகியிருந்த தாமரைச்செல்விக்கு, ஜெர்மனியைப் பற்றித் தெரிந்துகொள்ள எந்தத் தேவையும் இருந்ததில்லை. 1999 கோடையில், அவள் வேலை பார்த்த சின்ன கன்சல்டிங் கம்பெனிக்கு நியூவார்க் வக்கீல் அலுவலகம் ஒன்றிலிருந்து வேலை வந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜெர்மன் விமானத் தொழிற்சாலைகளில் கட்டாய வேலை வாங்கப்பட்டவர்களுக்காக அங்கே வழக்கு நடத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு தொழிற்சாலையின் ஆள் பதிவேடு நகலாக வந்திருந்தது. பதினோராயிரம் வரிகள். யாரோ டைப் செய்து கொடுத்த அந்த வரிகளில் பெயர்களைத் தேட ஒரு புரோகிராம் எழுத வேண்டும்.

தாமரை வேலையில் கெட்டிக்காரி. சில இடங்களில் ஒரே எண்ணுக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. டைப்பிங் பிழை என்று எடுத்துக்கொண்டு, முதல் பெயரை நீக்கிவிட்டு இரண்டாவதை வைத்துக்கொள்ளும்படி நாலு வரி எழுதினாள். யாரையும் கேட்கவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு பெயர்கள் போயின.

நவம்பரில் பிரின்ட் சரியாக வரவில்லை என்று வக்கீல் அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். அவள் அங்கே இருந்தபோது ஹலினா என்ற போலந்துக்காரக் கிழவி வந்தாள். ‘உங்கள் அண்ணன் பெயர் பதிவேட்டில் இல்லை’ என்று அலுவலகம் அனுப்பிய கடிதம் ஒரு கையில். 1943-இல் அண்ணன் தொழிற்சாலையிலிருந்து எழுதிய கார்டு இன்னொரு கையில். கார்டின் மூலையில் அவனுடைய எண் இருந்தது.

வழக்கை நடத்திய வக்கீலம்மா சொல்ல, தாமரை அந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டினாள். வேறு யாரோ ஒருவன் பெயர் வந்தது. பதிவேட்டின் நகலை எடுத்துப் பார்த்தாள். ஹலினாவின் அண்ணன் ததேயுஷின் பெயர் இருந்தது. அதன்மேல் மெல்லிய கோடு. கீழே அந்த வேறு பெயர். ஓரத்தில் கடுகளவுக்கு ஒரு சிலுவை; எழுத்து இல்லை என்பதால் டைப் செய்தவர்கள் அதை விட்டுவிட்டிருந்தார்கள்.

ஆள் செத்தால், அவன் எண்ணை அடுத்தவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

தாமரை நகலை மூடி வைத்தாள். “செக் பண்ணிட்டுச் சொல்றேன்” என்று ஆங்கிலத்தில் முணுமுணுத்துவிட்டு வெளியே வந்தாள்.

“சார், நான் டெலீட் பண்ணினது பூராச் செத்தவங்க பேருங்க” என்றாள் முதலாளி சுவாமிநாதனிடம்.

“ப்ராஜெக்ட் க்ளோஸ் ஆயிடுத்தும்மா. இப்ப நாமளே போய்த் தப்புன்னு சொன்னா, நம்ம மேல கேஸ் போடுவா. உன் க்ரீன் கார்டு என் கையெழுத்துலதான் நிக்கறது, ஞாபகம் வெச்சுக்கோ.”

கணவன் செழியனின் விசாவும் அவளுடையதோடுதான் ஒட்டியிருந்தது. “நீ சொல்லலைன்னா யாருக்குத் தெரியப் போவுது?” என்றான்.

“அந்தம்மாவோட அண்ணன் பேரே இல்லைன்னு லெட்டர் போயிருக்குதுங்க. நான் அழிச்சதாலதான் போச்சு.”

மூன்றாம் நாள் வக்கீலம்மாவுக்கு போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னாள். வக்கீலம்மா கத்தவில்லை, அதுவே இவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ‘பெயர் இல்லை’ என்று அறுபத்து மூன்று குடும்பங்களுக்குக் கடிதம் போயிருந்தது. அடுத்த நாலு சனிக்கிழமையும் தாமரை அங்கே உட்கார்ந்து ஒவ்வொரு சிலுவையாகப் பார்த்துப் பெயர்களைத் திரும்ப ஏற்றினாள். 1944-இல் குண்டுவீச்சுக்குத் தப்ப, வேலையைச் சுரங்கங்களுக்குள் கொண்டுபோயிருந்தார்கள். விமானங்கள் முன்னைவிட அதிகமாக வெளியே வந்தன. அந்த மாதங்களின் பக்கங்களில்தான் சிலுவைகளும் நெருக்கமாக இருந்தன.

ஜனவரியில் சுவாமிநாதன் அவளை வேலையிலிருந்து நிறுத்தினார். பக்கத்து ஊரான பிஸ்கட்டவேயில் வேறு கம்பெனி கிடைத்தது. க்ரீன் கார்டு முதல் படிவத்திலிருந்து மறுபடி தொடங்கியது. செழியன் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வக்கீல் அலுவலகத்திலிருந்து ஹலினாவுக்குத் தாமரையே போன் செய்தாள்.

“என்ன வேலை செய்தான்?” என்று கேட்டாள் கிழவி.

“விமான இறக்கைக்கு ரிவெட் ஆணி அடிக்கிற பிரிவு.”

“எப்போது செத்தான்?”

“தேதி எழுதவில்லை. அடுத்த ஆளுக்கு எண் கொடுத்த தேதி மட்டும் இருக்கிறது. 1944 மார்ச் ஒன்பது.”

“அந்த அடுத்த ஆள் பிழைத்தானா?”

தாமரை நகலைப் பார்த்தாள். அந்தப் பெயருக்குப் பக்கத்தில் குறி ஏதும் இல்லை. ஆனால் பதிவேடே 1945 பிப்ரவரியோடு நின்றுவிட்டிருந்தது.

“தெரியவில்லை” என்றாள்.

பிறகு ஜெர்மனியில் வந்த இழப்பீட்டுச் சட்டம் பெரும்பாலும் உயிரோடிருந்தவர்களுக்கானது. ததேயுஷின் பெயரில் எதுவும் கிடைக்கவில்லை. ஹலினா கேட்டதும் அந்தப் பக்கத்தின் நகல் ஒன்றை மட்டும்தான். தாமரை வக்கீலம்மாவிடம் அனுமதி வாங்கித் தபாலில் அனுப்பினாள். பதில் வரவில்லை.