திங்கட்கிழமைகளில் இறங்கிய பற்றரி

காங்கேசன்துறைப் பக்கமிருந்து உடுவிலுக்கு மூன்று பெண்பிள்ளைகளை என் பழைய காரில் பள்ளிக்கூடம் ஏற்றிப் போகிறேன். எங்கள் வீட்டுக்கு மாதாமாதம் வருகிற காசு அந்த ஓட்டத்தில்தான். இந்த வருடம் இரண்டு திங்கட்கிழமைகள் அடுத்தடுத்துக் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. திறப்பை ஓட்டையில் போட்டுத் திருகினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அயல்வீட்டுக் காரிலிருந்து வயர் கொளுவி இயக்கி, பிள்ளைகளைக் கொண்டுபோய் இறக்கும்போது மணி அடித்துவிட்டிருந்தது. இரண்டாவது தடவை, ஒரு பிள்ளையின் தாய் தன் வீட்டுப் படலையடியில் நின்று சொன்னார்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. வாற திங்களும் பிந்தினால் வேறை வாகனம் பாக்கிறதெண்டு மூண்டு வீடும் கதைச்சிருக்கிறம்."

"ஓம்" என்றேன்.

முதலில் கமராவில்தான் எனக்குச் சந்தேகம். மனைவியின் தம்பி கனடாவிலிருந்து வந்தபோது, காரில் பூட்டித் தெருவைப் படம் எடுக்கிற சின்னக் கமரா ஒன்று தந்திருந்தார். சுன்னாகத்தில் வாகன வயரிங் செய்கிற ஒருவரிடம் அதைப் பூட்டக் கொண்டுபோயிருந்தேன். காரில் இரண்டு வகை லைன் இருக்கிறது, ஒன்றில் திறப்புப் போட்டால்தான் கரண்ட் வரும், மற்றதில் எப்போதும் இருக்கும் என்று அவர் விளங்கப்படுத்தினார். "எதிலை குடுக்கிறது?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்லவும் கூச்சம். "நல்லதாப் பாத்துக் குடுங்கோ" என்றேன். நிறுத்தியிருக்கும்போது யாரும் இடித்தாலும் படம் பிடிக்கட்டும் என்று, எப்போதும் கரண்ட் இருக்கிற லைனில் கொடுத்தார்.

முதல் திங்கட்கிழமையே அந்தக் கமராவைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். பிறகும் அடுத்த திங்கள் அதே கதை. செவ்வாயிலிருந்து வெள்ளி வரை ஒரு பிழையும் இல்லை. கடையில் சோதித்தார்கள், பற்றரி நல்லது என்றார்கள். அயல்வீட்டுக்காரர் டைனமோ என்றார். மனைவி கண்ணூறு என்றார். ஒரு வாகனத்துக்குக் கிழமை எப்படித் தெரியும்? எனக்கு எதை நம்புவது என்று தெரியவில்லை.

புதன்கிழமை பிள்ளைகளை இறக்கிவிட்டு மறுபடி வயரிங்காரரிடம் போனேன்.

"வேறை ஏதும் பூட்டினீங்களோ அண்ணை?"

"இல்லை."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"இல்லையண்ணை."

பற்றரியின் ஒரு வயரைக் கழற்றி இடையில் மீற்றரை வைத்தார். கார் நின்றிருக்க, கரண்ட் எங்கோ போய்க்கொண்டிருந்தது. பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஒன்றைப் பிடுங்கியதும் மீற்றரின் முள் பூச்சியத்துக்கு விழுந்துவிட்டது. கமராவுக்கு அவர் இழுத்த லைன்தான் அது. ஆனால் கமரா இல்லையே. அவரும் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். பியூஸைத் திரும்பப் போட்டு, வயரைப் பிடித்துக்கொண்டே டாஷ்போர்ட் வரை வந்தார். அங்கே சந்நிதி கோயிலடியில் வாங்கிய சின்ன முருகன் இருக்கிறார். நல்ல வெயிலில் அந்த இடத்தில் வெளிச்சம் ஒன்றும் தெரியவில்லை. முருகனின் காலடியில் கையைக் குவித்துப் பிடித்தார். உள்ளங்கை சிவந்தது. காலடியிலிருந்த சின்னச் சிவப்புக் குண்டுப் பல்ப் எரிந்துகொண்டிருந்தது.

"உந்த விளக்கை ஆர் இதிலை குடுத்தது?"

"நான்தான்."

முன்பு திறப்பைக் கழற்றியவுடன் அந்த விளக்கும் அணைந்துவிடும். சாமிக்கு முன்னால் விளக்கை அணைப்பது மனைவிக்கு மனதுக்கு அந்தரமாக இருந்தது. எனக்கும்தான். அதனால் கமரா பூட்டிய கிழமையே விளக்கின் வயரை வெட்டி, கமராவின் வயரோடு முறுக்கிக் கறுப்பு ஒட்டுநாடா சுற்றிவிட்டேன்.

"அப்ப ஏன் இல்லையெண்டு சொன்னனீங்கள்?"

"அது சாமி விளக்கெல்லோ."

மறைக்கவில்லை. அவர் கேட்டபோது அது எனக்குக் காரில் பூட்டிய சாமானாகத் தோன்றவே இல்லை.

அவர் சிரித்துவிட்டார். "சாமிக்கும் கரண்ட் பற்றரியிலையிருந்துதானே அண்ணை போகுது. நீங்கள் சனி ஞாயிறு கார் எடுக்கிறேல்லையோ?"

"இல்லை, தோட்டத்துக்கு மோட்டச்சைக்கிளிலைதான் போறனான்."

"அதுதான். மற்ற நாளிலை ஓடேக்கை திரும்பச் சார்ஜ் ஏறியிடும். வெள்ளி பின்னேரத்திலையிருந்து திங்கள் விடிய மட்டும் முருகன் தனியக் குடிச்சு முடிச்சிருக்கிறார்."

விளக்கைத் திரும்பத் திறப்பு லைனுக்கே மாற்றினார். தலையாட்டினேன். பாதிதான் விளங்கியது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டில் காரை நிறுத்தித் திறப்பைக் கழற்றினேன். விளக்கு அணைந்தது. மனம் கேட்கவில்லை. திரும்பப் போட்டேன், எரிந்தது. கழற்றினேன். இப்படி எத்தனை தரம் என்று தெரியாது. மனைவி வாசலில் நின்று, "இஞ்சாருங்கோ, சாமியோடை என்ன விளையாட்டு?" என்றார்.

அவரை உள்ளே போய் ஒரு தீபம் கொண்டுவரச் சொல்லலாமா என்றும் யோசித்தேன். காருக்குள் தீபம் வைக்கிறதா? திறப்பை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

திங்கட்கிழமை விடிய ஐந்தரைக்கே காரில் போய் உட்கார்ந்துவிட்டேன். திறப்பைப் பாதி திருகினேன், விளக்கு எரிந்தது. முழுக்கத் திருகினேன், அது ஒரு கணம் அணைந்தது. பிறகு எஞ்சினும் விளக்கும் சேர்ந்து வந்தன.

அந்தத் தாய் ஈரத் தலையோடு படலைக்கு வந்தார். "என்னண்ணை, பிள்ளை இன்னும் சாப்பிடேல்லை. இவ்வளவு வெள்ளன வந்திட்டியள்?"

"ஓம்" என்றேன். பிள்ளை வருமட்டும் எஞ்சினை நிற்பாட்டவில்லை.